பாவு பிணைத்த பிறகுதான் நாடா ஓடும்!

(‘பெருந்தொற்றுக்குப் பின் தொடக்கப் பள்ளியைத் திறக்க முதலில் தயாராக வேண்டியது கட்டடமா? மனிதர்களா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘மனிதர்களே’ அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கட்டடத்தைக் கட்டிக் காக்க வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! காஞ்சிபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அருமையாகப் பேசினார். தண்ணித் தொட்டி வேணும், சோப்பு வேணும், கிருமிநாசினி தெளிக்கணும், ஜன்னலைத் திறக்கணும், உடம்புச் சூடு பார்க்கிற கருவி வேணும்னு பெரிய பட்டியலே போட்டார். நான் ஒண்ணையும் மறுக்கலை ஐயா. எல்லாமே வேணும். ஆனா அவர் உட்கார்ந்த பிறகு யோசிச்சுப் பார்த்தேன். அவ்வளவு நேரப் பேச்சில் ‘குழந்தை’ங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரலை! (கைதட்டல்)

நடந்த கதையை ஒரு முறை நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். 2021 ஜனவரி 19-ல் 10, 12 வகுப்புகளுக்குத் திறந்தார்கள். பிப்ரவரியில் 9, 11. இரண்டாம் அலை வந்தது, திரும்ப மூடினார்கள். செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை. எல்லாருக்கும் கடைசியில், 2021 நவம்பர் 1, திங்கட்கிழமை, 1 முதல் 8 வரை. வீட்டில் சின்னப் பிள்ளைக்குத்தான் முதலில் சோறு போடுவோம். பள்ளிக்கூடத்தில் மட்டும் சின்னப் பிள்ளைக்குக் கடைசிப் பந்தி! காரணம் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பந்திக்குக் காத்திருந்த காலம் ஏறத்தாழ 19 மாதம்.

19 மாதம்னா என்ன? 2020 மார்ச்சில் ஒண்ணாம் வகுப்பில் இருந்த பிள்ளை திரும்பி வரும்போது மூணாம் வகுப்பு. நடுவிலே ரெண்டாம் வகுப்பை அது கண்ணாலேயே பார்க்கலை. 2020 ஜூனில் ஒண்ணாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளை, முதன்முதலாக வகுப்பறைக்குள் காலை வைத்தபோதே ரெண்டாம் வகுப்பு. கரும்பலகையைப் பார்க்காமலே ஒரு வகுப்பு தேறிவிட்டான்! எங்க காலத்துல இந்த வசதி இல்லாமப் போச்சே ஐயா! (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் அந்த ரெண்டாம் வகுப்புப் புத்தகம், முதல் பக்கத்திலேயே அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்னு நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இதுக்குக் கட்டடம் என்ன செய்யும்?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துப் பெரியவங்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்க நடுவருக்குச் சொல்லட்டும். ஒரு பாவு நெய்து முடிஞ்சதும் அடுத்த பாவைத் தறியில் ஏற்றணும். உடனே நாடாவை எறிய முடியுமா? முடியாது. தறியில் மிச்சம் நிற்கிற பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை ஒவ்வொரு இழையாகப் பிணைக்கணும். ஆயிரக்கணக்கான இழை. ஒரு இழை தப்பினாலும் புடவையில் கோடு விழும். பொறுமையாக உட்கார்ந்து பிணைக்க ஒரு கை வேணும்.

எதிரணி நண்பர்களே, கட்டடம் என்பது தறி. தறியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. ஆனால் 19 மாதமாகப் பாவு அறுந்து கிடக்கிறதே, அதைப் பிணைக்கப் போவது யார்? தறியா? (பலத்த கைதட்டல்)

இன்னொரு நிகழ்ச்சி. 40 ஆண்டு குளத்துத் தண்ணிக்குள்ளே இருந்த அத்தி வரதர் 2019 ஜூலை 1 முதல் 48 நாள் இந்த ஊரில் காட்சி கொடுத்தார். கோயில் புதுசா கட்டினதா? கோயில் அங்கேயேதான் இருந்தது. தயாரானது ஊர். வழி சொல்ல ஆள், தண்ணி கொடுக்க ஆள், முதியவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள். தண்ணிக்குள்ளிருந்து வெளியே வருகிற தெய்வத்துக்கு ஊரே தயாராகணும்னு தெரிஞ்ச காஞ்சிபுரத்துக்கு, வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிற குழந்தைக்கும் ஊரே தயாராகணும்னு நான் சொல்லியா தெரியணும்?

சரி, நோய்த் தடுப்புக்கே வருவோம். எதிரணியின் பலமே அதுதானே! 2021 நவம்பர் 1 அன்று பள்ளிக்கு வந்த சின்னக் குழந்தைக்குத் தடுப்பூசி உண்டா? கிடையாது. 15 வயதைத் தாண்டியவர்களுக்கே 2022 ஜனவரி 3-ல்தான் தொடங்கினார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு 2022 மார்ச்சில். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன கவசம் இருந்தது? ஊசி போட்டுக்கொண்ட டீச்சர், ஊசி போட்டுக்கொண்ட ஆயாம்மா, சத்துணவு சமைக்கிற அம்மா, வீட்டில் இருக்கிற அப்பா அம்மா. சுற்றி நின்ற மனிதர்கள்தான் கவசம். சுவருக்கு ஊசி போட முடியாது நண்பரே! (கைதட்டல்)

ஒரு தலைமையாசிரியை என்னிடம் சொன்னார்கள். திறந்த முதல் வாரம். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் தண்ணி குடிக்க முகக்கவசத்தைக் கழற்றியிருக்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை ‘ஓ’ன்னு அழ ஆரம்பிச்சிடுச்சு. ‘என்னடா கண்ணு?’ன்னா, ‘எங்க டீச்சர் எங்கே? நீங்க யாரு?’ன்னு கேட்குது! (சிரிப்பு) கண்ணை மட்டும்தானே அது பார்த்துப் பழகியிருக்கு? அந்த டீச்சர் என்ன பண்ணினார் தெரியுமா? தன் முழு முகமும் தெரிகிற படம் ஒன்றை வகுப்புக் கதவில் ஒட்டி வைத்தார். ‘இதுதாண்டா நான்’ என்று. இந்த யோசனை எந்தச் சுற்றறிக்கையில் வரும்? குழந்தையின் பயத்தைப் பார்க்கிற ஒரு மனசுக்குள்ளேதானே வரும்!

பயம் குழந்தைக்கு மட்டுமா? அனுப்புகிற தாய்க்குப் பயம். வீட்டில் வயதான பாட்டி இருக்கும் டீச்சருக்குப் பயம். சில வீடுகளில் சாவே விழுந்திருந்தது. அந்தப் பிள்ளையை முதல் நாளே ‘ஏழாம் வாய்ப்பாடு சொல்லு’ன்னு எழுப்பலாமா? அதனால்தான் எடுத்த எடுப்பில் பாடம் வேண்டாம், கதை, பாட்டு, விளையாட்டு, பழைய பாடத்தை நினைவூட்டல் என்று தொடங்கச் சொன்னார்கள். பல பள்ளிகளில் பூவும் இனிப்பும் கொடுத்து வரவேற்றார்கள். நாலாம் நாள், நவம்பர் 4, தீபாவளி. அந்த இனிப்பு முன்கூட்டியே வந்த தீபாவளி!

இப்போது இந்த ஊருக்கே உரிய கனமான விஷயத்துக்கு வருகிறேன். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்பவருக்குத் துணையாக இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கை சின்னக் கையாக இருந்தது. அதை மீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டு பாடுபட்டார்கள். குடும்பத் தொழிலில் ‘பள்ளி நேரம் போக’ பிள்ளைகள் உதவலாம் என்று 2016-ல் திருத்திய சட்டம் இடம் தருகிறது. நான் கேட்கிறேன், பள்ளியே இல்லாத 19 மாதத்தில் ‘பள்ளி நேரம் போக’ என்றால் என்ன அர்த்தம்? நாள் முழுக்க என்றுதானே அர்த்தம்!

நெசவாளியைக் குறை சொல்லவில்லை ஐயா. கல்யாணங்கள் சுருங்கின, கடை சாத்தியிருந்தது, கூலி நின்றது. பசி வந்தால் வீட்டில் இருக்கிற கை எல்லாம் வேலைக்குத்தான் போகும். ஆனால் அப்படிப் போன கை தானாகத் திரும்பி வராது. நீங்கள் கதவை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், வராது. வருகைப் பதிவேட்டை எடுத்து, வராத பேருக்கு நேரே நிற்கிற வீட்டைத் தேடிப்போய், தறிக்குழியோரம் உட்கார்ந்து, ‘அண்ணே, பிள்ளையை நாளைக்கு அனுப்புங்க’ன்னு சொல்ல ஒரு டீச்சர் வேணும். ஒரு பக்கத்து வீட்டுக்காரம்மா வேணும். கட்டடம் நடந்து வீட்டுக்குப் போகுமா? (பலத்த கைதட்டல்)

‘ஆதாரம் என்ன?’ என்று நடுவர் கேட்பார். தருகிறேன். 2021 ஆகஸ்டில் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா முதலியவர்கள் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வறிய குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் கேட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 100-க்கு 8 பேர். படிப்பே இல்லாதவர்கள் 37 பேர். இது காயத்தின் அளவு.

மருந்தின் அளவையும் கேளுங்கள். நம் அரசு 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. புதுக் கட்டடமா கட்டினார்கள்? திண்ணை, மொட்டை மாடி, கோயில் மண்டபம். சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், அதே தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்தத் திண்ணைப் பள்ளிகளால் வந்தது. மிச்சத்தில் பெரும்பங்கு யாருடைய உழைப்பு? நம் டீச்சர்மாருடையது. பிணைத்தது கை ஐயா, மனுஷக் கை!

ஒரே ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். இந்த ஊரில் பாவுக்கே கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுவார்கள். வெறும் இழை இழுவை தாங்காது. பிள்ளை மட்டும் வெறும் வயிற்றோடு பாடத்தின் இழுவையைத் தாங்குமா? இந்தக் காஞ்சியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15-ல் பிறந்தவர் அண்ணா. அவர் பிறந்தநாளில்தான், 2022-ல், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. சோறு போடுகிற கையும் பள்ளியைத் திறக்கிற கைதான்.

நடுவர் அவர்களே, நாளைக்கே இன்னொரு தொற்று வரலாம், வெள்ளம் வரலாம், பள்ளியை மூடவேண்டி வரலாம். அப்போது சாவியை யாரிடம் கொடுப்பது என்பதோடு நிற்காதீர்கள். மூடுகிற அன்றைக்கே தெருவுக்கு ஒருவரைக் குறித்து வையுங்கள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் என்ன செய்கிறது என்று வாரம் ஒரு முறை பார்த்து வரட்டும். பெற்றோரை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுங்கள். பயத்தைக் கேளுங்கள். திறக்கிற அன்றைக்கு வந்த பிள்ளையைக் கொண்டாடுங்கள், வராத பிள்ளையைத் தேடுங்கள். கட்டடத்தை ஒரு நாளில் கழுவிவிடலாம். மனிதர்களைத் தயார் செய்ய மாதங்கள் ஆகும். அதனால்தான் அதை முதலில் தொடங்க வேண்டும்.

ஆகவே, தொடக்கப் பள்ளியைத் திறக்க முதலில் தயாராக வேண்டியவர்கள் மனிதர்களே, மனிதர்களே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)