தங்கவயலுக்குச் செல்லும் சாலை



அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களின் தொழிற்கூடங்களை நோக்கி நாள்தோறும் மின்ரயிலில் விரைவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வூர்களுக்குத் தெற்கே பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், சென்ற ஆண்டு யான் கோலார் தங்கவயலுக்குப் பயணம் மேற்கொண்டேன். அப்பயணத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

வாலாசாப்பேட்டையை அடைந்ததும் பாலாறு கண்ணுக்குப் புலப்படுகிறது. நீரினும் மணலே மிகுந்த ஆறு. வேலூரைக் கடந்து, குடியாத்தம், பேரணாம்பட்டு வழியே திரும்பினால் சாலை வளைந்து வளைந்து மலைமீது ஏறுகின்றது. யானைகள் உலவும் காடு அது. ஏறி முடிந்ததும் ஆந்திர மண். சற்று நேரத்தில் கன்னட மண். பேத்தமங்கலத்தில் அதே பாலாற்றைத் தேக்கி வைத்த ஏரியைக் கண்டேன். தங்கவயல் மக்களின் தாகம் தணித்த ஏரி அது.

ஊரை நெருங்கும்போது மரமற்ற குன்றுகள் தோன்றுகின்றன. அவை இயற்கை படைத்தவை அல்ல. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் அவை!

1880-இல் ஆங்கிலக் கம்பெனியார் இங்கே பெருஞ்சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கு வந்தது. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற ஏழைத் தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர், அங்கே இறங்கி உழைத்தனர். பாறை வெடித்து மாண்டோர் பலர். கல்தூசு நுரையீரலில் படிந்து நலிந்தோர் பலர். ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது.

முன்னாள் தொழிலாளியாகிய முதியவர் ஒருவரிடம் சுரங்க வாழ்வைப் பற்றி வினவினேன். "மேலே மழை பெய்ததா என்பதைக்கூட, கூண்டில் ஏறி வெளியே வந்தால்தான் அறிவோம், தம்பி" என்றார்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பொன் குறைந்தது, செலவு மிகுந்தது. ஆனால் மக்கள் எங்கே செல்வர்? அவர்தம் பிள்ளைகள் பல்லாயிரவர் விடியுமுன் எழுந்து, ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.

எனினும் அவ்வூர் தந்தது பொன் மட்டும் அன்று. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வழங்கியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. நாளெல்லாம் இருளில் உழைத்தோர் நடுவே அறிவு வேட்கை அத்துணை வலிமையாக இருந்தது. 1965-இல், அச்சுரங்கத்தின் ஆழத்திலேதான், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை அறிவியலார் கண்டறிந்தனர்.

தொழிலை நம்பி ஓர் ஊர் எழுகிறது. தொழில் ஒரு நாள் முடிகிறது. அன்று அங்கு வாழ்வோர்க்கு வழி என்ன என்பதைத் தொழில் நடக்கும்போதே எண்ணுதல் வேண்டும். தொழிற்கூடங்கள் சூழ்ந்த ஊர்களில் பயிலும் நீங்கள் இக்கேள்வியை மறவாதீர்கள். வீட்டில் அன்னையின் கையில் பொன்வளையைக் காணும்போது, அதனை அகழ்ந்தெடுத்த கைகளையும் நினைந்து பாருங்கள்.