அம்பாசிடரும் தோஸ்த்தும்

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)

 

"கல்யாணக் காரையும் காய்கறி வண்டியையும் எப்படிய்யா ஒப்பிடுவே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பொருத்தம் இருக்கிறது. டீசல் அம்பாசிடரின் என்ஜின் 1489 சி.சி. ஓசூரில் தயாராகி 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தின் என்ஜின் 1478 சி.சி. கிட்டத்தட்ட ஒரே அளவு! ஆனால் அம்பாசிடர் தந்தது 40 குதிரைத் திறனுக்கும் குறைவு. தோஸ்த் தந்ததோ 50-க்கும் மேல்.

காரணம் என்ன? அம்பாசிடர் தானாக இழுத்துக்கொண்ட காற்றை வைத்தே டீசலை எரித்தது. தோஸ்த்தில் இருப்பது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்திலேயே அது சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. 'காமன் ரெயில்' அமைப்பு டீசலை உயர்ந்த அழுத்தத்தில் அளந்து தெளிக்கிறது. நாலு சிலிண்டர் செய்த வேலையை மூணு சிலிண்டர் மிஞ்சிவிட்டது.

அம்பாசிடரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி, 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரானது. மரத்தடி மெக்கானிக் கூடப் பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் போட்டியே இல்லாத காலத்தில் மக்கள் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது மாற்றம் செய்யும் அவசரம் யாருக்கு வரும்? 1983-இல் மாருதி வந்த பிறகுதான் விழிப்பு வந்தது.

தோஸ்த் சுமந்தது 1¼ டன். நம்ம ஊரில் பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு இளநீர், பூ, தண்ணீர் கேன், அன்னதானப் பாத்திரம் எல்லாம் இந்த மாதிரி வண்டிகளில்தான் வந்து இறங்குகின்றன. கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்த பையன் முதலாளி ஆகிறான். அம்பாசிடர் காலத்தில் இது அத்தனை சுலபமில்லை.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். அம்பாசிடர் ஆள் ஏறும் வண்டி. தோஸ்த் சரக்கு ஏறும் வண்டி. பின்பக்கம் இருக்கை இல்லை, பிடிமானம் இல்லை. ஆட்கள் நின்றால் பாரத்தின் மையம் மேலே ஏறிவிடும். மலை வளைவில் வண்டி எளிதில் சாயும். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து மலைப்பாதையில், செம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன சரக்கு வண்டி ஒன்று பள்ளத்தில் விழுந்து பெண்கள் பலர் உயிரிழந்தார்கள்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அது தெரியாமலா ஏறுகிறார்கள்? பஸ் இல்லாததால் ஏறுகிறார்கள். டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் அதிகாரியாகவோ பொறியாளராகவோ அமரும்போது, மலைக் கிராமத்துக்கு ஒரு பஸ்ஸுக்காகக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களே, தீபத்துக்கு ஊர் ஜனங்களை அழைத்து வரும்போது, செலவு கொஞ்சம் கூடினாலும் வேன் பிடியுங்கள். அரிசி மூட்டை மட்டும் தோஸ்த்தில் வரட்டும்.