“எந்த ஹீமோபிலியா?”

எனக்கு ஊர் வடலூர், நெய்வேலிக்குப் பக்கம். வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதுற ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி-10 தொகுப்புல இருந்து ஒரு கோட் போடணும். அதை வச்சுத்தான் இன்ஷூரன்ஸ் பணம் வரும்.

சேர்ந்த புதுசுல ஒரு சார்ட் வந்தது. டாக்டர் ‘ஹீமோபிலியா’னு ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார். அடிபட்டா ரத்தம் சுலபத்துல உறையாத நோய். வகை சொல்லலைன்னா டி66 போடணும்னு தொகுப்பே சொல்லுது. போட்டுட்டேன்.

சீனியர் அக்கா கூப்பிட்டாங்க. “மருந்து லிஸ்ட் பாத்தியா? ஃபேக்டர் 9 கொடுத்திருக்காங்க. டி66ங்கிறது ஃபேக்டர் 8 குறைபாட்டுக்கு. 9-க்கு டி67.”

“அப்போ மாத்திடவா அக்கா?”

“மருந்தைப் பாத்து நோயை நாம முடிவு பண்ணக்கூடாது. டாக்டர்கிட்ட கேளு.”

கேட்டோம். ‘ஹீமோபிலியா பி’னு பதில் வந்தது. டி67.

ஒரு எழுத்துதானேன்னு தோணலாம். ஆனா ஃபேக்டர் 9 குறையுறவருக்கு 8-ஐ ஏத்தினா ரத்தம் நிக்காது. பி வகையைத் தனி நோயா விவரிச்ச கட்டுரை 1952-லதான் வந்தது. அதுல இருந்த ஸ்டீபன் கிறிஸ்மஸ்ங்கிற சின்னப் பையன் பேராலதான் அதுக்குக் கிறிஸ்மஸ் நோய்னும் பேர்.

அன்னைக்கு எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்தது. சின்ன வயசுல அவருக்கு முட்டி அடிக்கடி வீங்கும். வாதம்னு சொல்லி எண்ணெய் போட்டுத் தேய்ச்சாங்க. மூட்டுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு யாருக்கும் தெரியல. வெளிய ஒரு சொட்டு வரலியே! முப்பது வயசுக்கு மேல புதுச்சேரி போய் டெஸ்ட் எடுத்தப்பதான் பேர் தெரிஞ்சது. அதுக்குள்ள இடது கால் மடக்க முடியாம ஆயிடுச்சு. ‘எந்த வகை?’னு நான் கேட்டதுக்கு, ஒரு பழைய சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். அவருக்கும் பி.

அதனாலதான் இதைச் சொல்றேன். பல்லு பிடுங்கின பிறகு ரத்தம் நிக்கலையா? குழந்தைக்கு அடிபடாமலே மூட்டு வீங்குதா? ரத்தம் உறையுற பரிசோதனை எடுங்க. ஹீமோபிலியான்னு சொன்னா ‘ஏ-யா, பி-யா?’னு கேட்டு எழுதி வாங்கிப் பர்ஸுல வைங்க. அரசு மருத்துவமனைகள்ல ஃபேக்டர் ஊசி இலவசமாக் கிடைக்குது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஹீமோபிலியாவும் இருக்கு. அதுக்கான சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

மாமாவோட சீட்டை லேமினேட் பண்ணிக் கொடுத்துட்டேன். இப்போ அவர் சட்டைப் பையிலதான் இருக்கு.