ஓஹாயோவுக்குப் போன வேல்ஸ்காரரின் ஊரைத் தேடி



கடல் கடந்து போனவர்களின் குடும்ப வரலாறு என்பது பெரும் பொருள். அதில் ஒரு சிறு நிலப்பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸின் மேற்குக் கரையில் கார்டிகன்ஷயர் இருக்கிறது. அதன் நடுவே மினித் பாஹ் என்னும் மேட்டுநிலம், காற்றும் ஈரமும் மிகுந்து விளைச்சல் குறைந்த மண். அதை அடுத்த கில்கென்னினிலிருந்து 1818-இல் ஆறு குடும்பங்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. ஓஹாயோ ஆற்றில் போகும் வழியில் கேலிபோலிஸில் இரவு தங்கியபோது படகுகள் கட்டவிழ்ந்து போய்விட்டன, அதனால் அங்கேயே நிலைத்துவிட்டார்கள் என்று அவர்கள் வழிவந்தோர் சொல்லி வருகிறார்கள். 1830-களிலும் 1840-களிலும் உறவும் ஊருமாக மக்கள் பின்தொடர்ந்து வந்து இறங்கினார்கள். ஜாக்சன், கேலியா என்ற இரண்டு கவுண்டிகளும் குட்டிக் கார்டிகன்ஷயர் ஆயின. 1854-இல் தங்கள் நிலங்களையே முதலாக வைத்து ஜெபர்சன் இரும்பு உலையை எழுப்பியவர்களும் இந்த விவசாயிகள்தாம். ஞாயிற்றுக்கிழமை உலை ஓடக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார்கள்.

இவர்களில் ஒருவருடைய கொள்ளுப்பேத்தி இன்று தேடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதலில் கிடைப்பது கப்பல் பட்டியல். 1819-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி கப்பல் தலைவர் பயணியின் பெயர், வயது, பால், தொழில், நாடு ஆகியவற்றை எழுதித் தந்தால் போதும். ஊர் கேட்கப்படவில்லை. 1850-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த இடம் என்ற பத்தியில் 'வேல்ஸ்' என்று ஒரு சொல் இருக்கும். அதே நூற்றாண்டில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன நம்மவரின் பதிவில் தகப்பன் பெயர், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதப்பட்டன. கட்டுண்டு போனவரைக் கண்காணிக்க எழுதிய பதிவு அது. சுதந்திரமாகப் போனவரின் கிராமத்தை அறிய எந்த அரசுக்கும் தேவை இருக்கவில்லை. இந்த வேறுபாடு என்னை மிகவும் உறுத்துகிறது.

பெயரை வைத்துத் தேடலாமே என்றால், வேல்ஸில் அதுதான் முதல் முட்டுக்கட்டை. நம்முடைய தலைப்பெழுத்தைப் போலவே அங்கும் தகப்பன் பெயர்தான் மகனுக்கு அடையாளமாக இருந்தது. தாமஸ் டேவிட்டின் மகன் ஜான் தாமஸ், அவருடைய மகன் ஈவன் ஜோன்ஸ். மூன்று தலைமுறை, மூன்று பின்பெயர். கார்டிகன்ஷயர் போன்ற பகுதிகளில் இந்த வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு முழுவதும், அதற்குப் பின்னரும்கூட, நீடித்தது. பிறகு அந்தந்தத் தலைமுறையில் இருந்த பெயர் அப்படியே குடும்பப் பெயராக உறைந்தது. அதனால் ஜோன்ஸ், டேவிஸ், ஈவன்ஸ், வில்லியம்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களுக்குள் ஒரு நாடே அடங்கிவிட்டது. ஒரே திருச்சபைப் பங்கில் ஒரே வயதில் பல ஜான் ஜோன்ஸ்கள் இருப்பார்கள். இணையத்தில் வளர்ந்து நிற்கும் வம்ச மரங்களில் பலவும் இந்த இடத்தில்தான் வழிதவறுகின்றன. அருகில் கிடைத்த ஜான் ஜோன்ஸை ஒருவர் ஒட்ட, அதை நூறு பேர் நகலெடுக்கிறார்கள்.

அந்த மக்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் பின்பெயரால் அறியவில்லை. பண்ணை வீட்டின் பெயராலும் சேர்ந்திருந்த தொழுகைக்கூடத்தாலும் அறிந்தார்கள். ஆகவே தேடுகிறவரும் அந்த இரண்டையும்தான் பிடிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அவை ஆங்கிலப் பதிவுகளில் இல்லை. வேல்ஸ் மொழியில் இருக்கின்றன. 1838-இல் வில்லியம் ரோலண்ட்ஸ் நியூயார்க்கில், இவர்களில் பலர் சார்ந்திருந்த மெதடிஸ்ட் சபைக்காகத் தொடங்கிய மாத இதழும், 1851-இல் பிறந்த 'அ டிரிக்' வார இதழும் இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதின. பிறந்த பண்ணை, பங்கு, பெற்றோர், எந்தத் தொழுகைக்கூடத்தில் சேர்ந்தார், எந்த ஆண்டு கடல் கடந்தார், கடைசி நோயில் என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்த இரங்கற்குறிப்புகளில் வரும். ஜாக்சன் கவுண்டியின் ஓக் ஹில் சுற்றுவட்டாரக் கல்லறைக் கற்களிலும் சொந்த ஊர் பொறித்திருப்பதுண்டு. பெண்கள் பலர் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரோடே அங்கே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த சந்ததிக்கு இவை அச்சிலும் கல்லிலும் இருந்தும் இல்லாதவையே. ஓர் இரங்கற்குறிப்பை அகராதி வைத்துப் படிக்கும் அளவுக்காவது அந்த மொழியைக் கற்காமல் இந்தத் தேடல் முடியாது.

பண்ணையின் பெயர் கிடைத்தால் அடுத்த வேலை அக்கரையில், வேல்ஸில். பென்ரியூ என்று வைத்துக்கொள்வோம். சரிவின் உச்சி என்ற பொருளில் அந்த மலைநாட்டில் பல வீடுகளுக்கு இந்தப் பெயர் உண்டு என்பதால் பங்கின் பெயரும் சேர்ந்தே வேண்டும். திருச்சபைக்குச் செலுத்திய தசமபாகத்தைப் பற்றிய 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வரையப்பட்ட நிலப்படங்கள் அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. உடைமையாளர் யார், குடியிருந்து உழுதவர் யார், ஒவ்வொரு வயலின் பெயரும் பரப்பும் என்ன என்று அட்டவணையில் காணலாம். 1841-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கவனமாகக் கையாள வேண்டும். பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. 34 வயதுக்காரர் 30 ஆவார். உறவுமுறை எழுதப்படவில்லை. பதின்வயதுப் பையன் வீட்டில் இல்லை என்றால் இறந்துவிட்டான் என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்துப் பண்ணையில் வேலையாளாக இருக்கலாம். 1858-க்கு முந்தைய உயில்களும் அதே நூலகத்தில் உள்ளன. அவற்றின் படிமங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஞானஸ்நானப் பதிவுதான் கடினம். 1811-இல் வேல்ஸ் மெதடிஸ்டுகள் ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து பிரிந்துவிட்டதால் பங்குக் கோயில் பதிவேட்டில் அவர்கள் பிள்ளைகள் பலர் இல்லை. 1837-இல் அரசு கேட்டபோது சில தொழுகைக்கூடங்கள் பதிவேடுகளை ஒப்படைத்தன. அவை இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல கூடங்கள் கொடுக்கவில்லை. சில போதகர்கள் பதிவேட்டைத் தங்கள் சொந்தப் பொருளாகவே கருதி, இடம் மாறும்போது கையோடு எடுத்துப் போனார்கள்.

இப்போது அந்தத் தொழுகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. உறுப்பினர் ஏடு, காணிக்கைக் கணக்கு, கடல் கடந்தவர் அங்குள்ள சபையில் சேரக் கொடுத்தனுப்பிய உறுப்பினர் கடிதங்களின் குறிப்பு ஆகியவை கடைசிச் செயலாளர் வீட்டு அலமாரியில் தங்கிவிடக்கூடும். கட்டடம் விற்கப்படும் முன்பே அவை அபெரிஸ்ட்வித்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஓஹாயோவில் இருக்கும் வழித்தோன்றல்கள் சொந்த ஊர் காணப் போகும்போது அந்த ஊர்ச் சபையாரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த ஏடுகளைப் பற்றித்தான்.