செப்பஞ்செய்வோர் வருவர்
(மே 18 நினைவேந்தலையொட்டித் தென்காசியில் ஆற்றிய உரை)

பின்வரிசையில் ஓசையின்றி வந்தமர்ந்திருக்கும் ஈழத்து அன்னையீர்!

உங்களை முன்வரிசைக்கு அழைத்தோம்; நீங்கள் வரவில்லை. நாற்பதாண்டாய்ப் பின்வரிசையிலேயே இருத்தப்பெற்றவர்க்கு அதுவே பழகிப்போயிற்று போலும். ஆதலின் இன்று யான் பின்வரிசை நோக்கியே பேசுவேன். முன்வரிசையார் பொறுத்தருள்க.

வரும் வழியில் எம் ஊர்க் கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டிற் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில் அது. இடைக்காலத்தில் அக்கோபுரம் பிளந்து சிதைந்து, நூறாண்டுக்கு மேல் மொட்டையாய் நின்றது. சிறுவனாய் யான் கண்டது அந்த மொட்டைக் கோபுரத்தையே. ‘இஃது இனி எழுமா?’ என்று என் பாட்டனாரைக் கேட்டேன். அவர் விடை கூறவில்லை. 1990ஆம் ஆண்டில், யான் கல்லூரியிற் பயின்ற நாளில், அஃது எழுந்தது. பாட்டனார் அதைக் காண இல்லை.

அக்கோயிற் கல்வெட்டொன்று என்னை நெடுநாள் உறங்கவிடாதது. பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஊறு நேருமாயின், அதனைச் செப்பஞ்செய்வோர் அடிகளில் யான் வீழ்ந்து வணங்குகின்றேன் என்னும் பொருள்பட அவ்வேந்தன் வெட்டி வைத்தான். முடிசூடிய மன்னன், முகமறியாத எவனோ ஒருவன் காலில் வீழ்கின்றான்! தன் கட்டடம் அழியாதென்று அவன் தருக்கவில்லை. அழியும் என்று அறிந்திருந்தான். செப்பஞ்செய்ய ஒருவன் வருவான் என்றும் நம்பியிருந்தான்.

1981ஆம் ஆண்டு மே இறுதியில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பெற்றது. தொண்ணூறாயிரத்திற்கு மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அத்தழலைத் தொலைவிலிருந்து கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். அவ்விழப்பு யாழ்ப்பாணத்தாருக்கு மட்டுமோ? 1887இற் கலித்தொகையை அச்சேற்றி நம் கையிற் கொடுத்த தாமோதரனார் சிறுப்பிட்டியிற் பிறந்தவரன்றோ? 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ மட்டக்களப்பு மண் ஈந்த விபுலானந்த அடிகளின் உழைப்பன்றோ? இங்குள்ள தமிழாசிரியர் எவரும் ஈழத்திற்குக் கடன்பட்டவரே. அக்கடனை அடைத்தோமா?

2009ஐ நினைக்கையில் நாக்குழறுகின்றது. போரிட்ட இருதிறத்தாருக்கும் இடையிற் சிக்கிய மக்கள் எழுபதாயிரவரே என்றது இலங்கையரசு. போர் முடிந்தபின் முள்வேலிக்குள் அடைக்கப்பெற்றோர் மட்டும் இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்டோர். நாற்பதினாயிரம் குடிமக்கள் வரை மாண்டிருக்கக் கூடும் என்று 2011இல் ஒன்றிய நாடுகள் அவைச் செயலர் அமர்த்திய வல்லுநர் குழு கூறிற்று. எண்ணைக் குறைத்தால் சோற்றையும் மருந்தையும் குறைக்கலாம். அதன் கணக்கு அதுதான்.

நாம் என்ன செய்தோம்? ஊர்வலம் சென்றோம்; உண்ணாநோன்பு இருந்தோம். இளைஞர் சிலர் தம்மையே எரித்துக்கொண்டனர். அவர்தம் அன்பை வணங்குவேன். அச்செயலை ஒருபோதும் போற்றேன். இங்குள்ள என் மாணவர்க்குச் சொல்கின்றேன்: ஈழத்தாருக்கு நம் சாம்பர் வேண்டா; நம் கையும் காலும் வேண்டும்.

இனி, அன்னையீர், நீங்கள் அறிந்த செய்தி ஒன்றை முன்வரிசையார் பொருட்டுக் கூறுவேன். இரணைதீவு மீனவர் 1992இல் தம் தீவினின்று பெயர்க்கப்பெற்றனர். போர் முடிந்தும் கடற்படை அவர்களை விடவில்லை. 2017 மே திங்களில் கரையில் அமர்ந்து அறப்போர் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு அமர்ந்திருந்தனர். எவரும் திரும்பிப் பார்த்திலர். 2018 ஏப்பிரலில் தம் படகுகளிலேயே ஏறி, வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, தம் தீவிலேயே போய் இறங்கினர்! இருபத்தாறாண்டுக்குப் பின்னர்! காணாமலாக்கப்பட்ட மக்களைத் தேடி அதே 2017இற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மாருட் பலர் விடை காணாமலே மாண்டனர், எஞ்சியோர் ஓய்ந்திலர்.

இங்கோ? 2021இல் தமிழ்நாட்டரசு ‘ஏதிலியர் முகாம்’ என்பதனை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றிற்று, நன்று. ‘முகாம்’ தமிழ்ச்சொல்லன்று என்பதை யான் ஈண்டுச் சுட்ட விரும்பவில்லை. அதுவே சிலர்க்கு ஊர்ப்பெயராய்விட்டது என்பதே என் வருத்தம். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேயத்தினின்று வந்தோரை எண்ணிற்று. இலங்கையினின்று வந்தோரை எண்ணிற்றில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்ற பிள்ளை, அரசுப் பணிக்கு விண்ணப்பம் எழுதுகையிற் ‘குடியுரிமை’ என்னும் கட்டத்தில் எழுதுகோலை நிறுத்துகின்றான். அவ்விண்ணப்பத்தோடு உடன் நடக்கும் வேலை நம் மன்றத்திற்கு உண்டு. சட்டம் அறிந்தோர் இருவர், திங்கள்தோறும் ஒரு ஞாயிறு. இன்றே பெயர் தருக.

என் வகுப்பில் அத்தகைய மாணவன் ஒருவன் இருந்தான். ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பிற் கட்டுரை வரையச் சொன்னேன். ஏனையோர் குற்றாலத்தையும் சாரலையும் எழுதினர். அவனோ தான் கண்டறியாத முல்லைத்தீவை, தன் ஆச்சி சொல்லக் கேட்டவாறு எழுதியிருந்தான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி கோயிற் பொங்கலுக்குக் கடல்நீர் ஊற்றி விளக்கெரிப்பர். அவ்விளக்கு அணையாது என்று எழுதியிருந்தான். அக்கோயில் நந்திக்கடலின் ஓரத்தது. போர் முடிந்த இடமும் அந்நந்திக்கடலே. அத்தாளில் எழுத்துப்பிழை இரண்டு இருந்தன. முப்பதாண்டு ஆசிரியப்பணியில் யான் திருத்தாது விட்ட தாள் அஃதொன்றே.

வெளியே முள்ளிவாய்க்காற் கஞ்சி காய்ச்சியாயிற்று. அரிசி, நீர், உப்பு. அந்நாளில் அங்குக் கிடைத்தவை அவ்வளவே. ஆறுவதற்குள் எழுவோம். முன்வரிசையார் கலங்களை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு வருக. அன்னையர்க்கு முதலில் ஊற்றுக.