பொருளின் குணம் சொல்லும் ஆங்கிலம்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் பள்ளி விழாவில் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் பேச வந்தது இலக்கிய ஆங்கிலம் அல்ல. இரும்பு, ரப்பர், கண்ணாடி, எண்ணெய், மாவு, தின்னர் இவற்றின் குணத்தைச் சொல்லும் ஆங்கிலம். பட்டறையில் உயிரைக் காப்பாற்றுகிற ஆங்கிலம்.

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். பொருளின் பண்பை உணர்த்தும் சொற்களுக்காகத் தொல்காப்பியர் உரியியல் என்று ஓர் இயலே வகுத்தார். செம்மையான கல் செங்கல். வெண்மையான கலம் வெண்கலம். பெயரிலேயே குணத்தை வைத்தவர்கள் நம் முன்னோர். ஆகவே குணம் சொல்வது நமக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. வீட்டுத் தமிழில் "கெட்டி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். கெட்டியான குழம்பு என்கிறோம், கெட்டியான அட்டை என்கிறோம், கல்லு மாதிரி கெட்டி என்கிறோம், கயிறு கெட்டியா இருக்கு என்கிறோம். ஆங்கிலத்தில் குழம்புக்கும் அட்டைக்கும் "திக்", கல்லுக்கு "ஹார்ட்", கயிற்றுக்கு "ஸ்ட்ராங்". எல்லாவற்றுக்கும் "ஹார்ட்" என்று சொன்னால் ஃபோர்மேன் விழிப்பார். தப்பான பொருள் கைக்கு வரும்.

மாணவர்களே, இன்னொன்று கவனியுங்கள். கண்ணாடி "ஹார்ட்". கத்தியால் கீறினாலும் எளிதில் கீறல் விழாது. ஆனால் கீழே விழுந்தால் சுக்குநூறு. அந்தக் குணத்துக்குப் பெயர் "பிரிட்டில்", நொறுங்கும் தன்மை. ரப்பர் அப்படியல்ல. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். ஆனால் சுத்தியலால் அடித்தாலும் நொறுங்காது. அது "டஃப்". வார்ப்பிரும்பு ஓங்கி அடித்தால் உடையும். சாதாரண எஃகுக் கம்பி வளையும். இரண்டும் இரும்புதானே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால், பாரம் ஏற்றும்போது தெரியும் வித்தியாசம்.

இப்போது மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் தங்குவிடுதியில் நம் பையன்கள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பேன். "சொல்லுக்கு முன்னால் இன் வந்தால் இல்லை என்று அர்த்தம்" என்று பலகையில் எழுதினேன். கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். எல்லாரும் சத்தம் போட்டுச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தின்னர் டப்பாவைப் பற்றவைப்பு வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலே வைத்துவிட்டார். பொறி பட்டது. இடது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "அண்ணே, டப்பாவிலே இன்ஃப்ளேமபிள்னுதானே போட்டிருந்துச்சு? இன் வந்தா இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் என்ன பதில் சொல்வேன்? "ஃப்ளேமபிள்" என்றாலும் "இன்ஃப்ளேமபிள்" என்றாலும் ஒரே பொருள்தான்: தீப்பற்றும். அந்த "இன்" லத்தீனிலிருந்து வந்த வேறு "இன்". தீப்பற்றாது என்பதற்கு "நான்-ஃப்ளேமபிள்" என்று எழுத வேண்டும். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் அமெரிக்கத் தீத்தடுப்பு வல்லுநர்கள் 1920களிலேயே "இன்" வேண்டாம், "ஃப்ளேமபிள்" என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தது என் குற்றம். அந்தத் தம்பி என்மேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஒரு சொல் தீ மூட்டும் என்பதை எழுதியே வைத்தவர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்னும் மொழியறிஞர். அவருடைய பிழைப்பு அமெரிக்காவில் தீக் காப்புறுதி நிறுவனத்தில். தீ விபத்துகளின் காரணத்தை ஆராய்ந்தவர், 1941இல் அச்சான கட்டுரையில் ஒன்றைச் சொல்கிறார். நிறைந்த பெட்ரோல் பீப்பாய்க்குப் பக்கத்தில் எச்சரிக்கையாக இருக்கும் தொழிலாளர்கள், "காலி" என்று எழுதிய பீப்பாய்க்குப் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். ஆனால் காலிப் பீப்பாயில் மிஞ்சி நிற்கும் ஆவிதான் அதிக ஆபத்து, அது வெடிக்கும். தோழர்களே, "எம்ப்டி" என்ற சொல்லைப் பார்த்து நம்பிப் பீப்பாயை வெட்டப் போகாதீர்கள். முன்னே அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு நம் துவாஸிலேயே துயரமான சாட்சி உண்டு. 2021 பிப்ரவரி 24ஆம் நாள், துவாஸ் அவென்யூ 11இல் நடந்த வெடிவிபத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள். கலவை இயந்திரத்தைச் சூடாக்கும் எண்ணெய் அளவு மீறிச் சூடேறி வெடித்தது. அதன்பின் அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவுத்தூளும் தீப்பற்றியது என்று விசாரணையில் தெரியவந்தது. மொழி தெரியாததால் நேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உருளைக்கிழங்கு மாவு என்றால் நமக்குச் சமையல்தானே நினைவுக்கு வரும்? ஆனால் எரியக்கூடிய எந்தப் பொருளும் நுண்தூளாகிக் காற்றில் கலந்தால், ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று. கண்ணிமைக்குமுன் தீ பரவும். இதைத்தான் "கம்பஸ்டிபிள் டஸ்ட்" என்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சரி, எப்படிக் கற்பது? கையேடு, வகுப்பு எல்லாம் நல்லதுதான். அதற்குமுன் பீப்பாயில் ஒட்டியிருக்கும் சீட்டே முதல் பாடப்புத்தகம். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் இருந்தால் "ஃப்ளேமபிள்". கையையும் உலோகத்தையும் திரவம் அரிக்கிற படம் "கரோசிவ்". மண்டையோடு "டாக்சிக்", நஞ்சு. "வார்னிங்" என்றால் எச்சரிக்கை; "டேஞ்சர்" அதைவிடக் கடுமை. இரசாயனப் பொருளுக்கு ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு, பதினாறு பிரிவுகள். இரண்டாம் பிரிவு ஆபத்து, நான்காம் பிரிவு முதலுதவி, ஒன்பதாம் பிரிவு பொருளின் குணங்கள். அதை மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பது அவமானம் இல்லை. தெரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

வாயில் வரவேண்டிய கேள்விகள் மூன்று. "வாட் இஸ் இட் மேட் ஆஃப்?", எதனால் ஆனது? "வில் இட் பர்ன்?", எரியுமா? "இஸ் இட் சேஃப் டு டச்?", தொடலாமா? இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை. கேள்வி பிசகாமல் வரட்டும்.

பெற்றோர்களே, உங்கள் பங்கு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் ஐந்து பொருளை எடுத்து வையுங்கள்: எவர்சில்வர் தம்ளர், மண்சட்டி, பிளாஸ்டிக் வாளி, துணி, ஊதுபத்தி. ஒவ்வொன்றின் குணத்தையும் பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழில் "அது, வந்து, ஒரு மாதிரி" என்று தடுமாறுகிற பிள்ளை ஆங்கிலத்திலும் தடுமாறும். அப்பா பட்டறையில் வேலை செய்கிறவரா? அவர் எழுதிக்கொண்டு வரும் சொல்லுக்குப் பிள்ளை அகராதி பார்த்துப் பொருள் சொல்லட்டும். ஒரே நோட்டில் இரண்டு பேரும் படிக்கலாம். அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

பரிசு வாங்கும் செல்வங்களே, இன்று நீங்கள் கொண்டுபோகும் கோப்பையைத் தட்டிப் பாருங்கள். அது உலோகமா, பிளாஸ்டிக்கா? கனமா, லேசா? வளையுமா, உடையுமா? வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரண்டு மொழியிலும் சொல்லிப் பாருங்கள். நான் பலகையில் எழுதிய அரைப் பாடத்தை நீங்கள் முழுப் பாடமாக்குங்கள். வெந்த கையோடு ஊருக்குத் திரும்பிய அந்தத் தம்பிக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது அதனால் தீரும்.