இருக்கையும் இடமும்

வெளிமாநிலத்திற்கு வேலைக்கு வரும் நம் இளைஞருக்கு நாம் செய்யும் உதவி எதனோடு நின்றுவிடுகிறது? தங்க ஓர் அறை பார்த்துத் தருகிறோம். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கிறோம். நியமன உத்தரவு வந்ததும் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆறு மாதம் கழித்து, “ஊருக்கே திரும்பிவிடலாமா, சார்?” என்று அவர் கேட்கும்போது திகைக்கிறோம். அவருக்கு இருக்கை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

இதற்குச் சம்பளக் குறைவு மட்டுமே காரணம் அன்று. அகமதாபாத் நகரில் நடந்த ஒரு சோதனை வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. அங்கே காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வைத்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1953-ஆம் ஆண்டில் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அதை ஆராய்ந்தார். நெய்பவர் ஒருவர், அறுந்த இழையைச் சேர்ப்பவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர் என வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொருவர் பொறுப்பிலும் இருந்த தறிகளின் எண்ணிக்கையும் வெவ்வேறு. முழுத் துணிக்கு எவரும் பொறுப்பாளி அல்லர்.

குறிப்பிட்ட தறிகள் முழுவதையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. தொழிலாளர்களே முன்வந்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். தறிகள் மாறவில்லை, ஆயினும் நாளடைவில் உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. அந்த ஆலை இன்று இல்லை. அது கற்பித்த பாடம் இருக்கிறது.

மொழிபெயர்ப்புப் பணியில் நாமும் இதை உணர்ந்திருக்கிறோம். முன்பின் தெரியாமல் ஒரு தாள் வந்தால் கை எழுதும், மனம் ஈடுபடாது. அதுவே கணவரை இழந்த பெண்களின் ஓய்வூதியம் பற்றிய அறிவிப்பு என்று தெரிந்தால், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதுவோம்.

ஆகவே, முன்னால் வந்தவர்களாகிய நாம் இரண்டு காரியங்கள் செய்யலாம். புதியவர் கையிலுள்ள கோப்பு எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்படப்போகிறது என்பதை ஒரு மாலைப் பொழுதில் உடனமர்ந்து சொல்லலாம். மதிய உணவு வேளையில் அவரைத் தமிழர் மேஜையிலேயே நிறுத்திவிடாமல், அவருடைய பிரிவைச் சேர்ந்த பிறமொழி நண்பர்களிடம் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தலாம். அவர் இடறும் சந்தேகங்களை நாள்தோறும் தீர்த்து வைக்கக்கூடியவர்கள் அவர்களே.

நாம் புதிதாக வந்த நாளில் இவ்வாறு ஒருவர் செய்திருப்பார். அல்லது செய்யமாட்டாரா என்று நாம் ஏங்கியிருப்போம். எதுவாயினும், அந்த நாளை மறவாதிருப்போம்.